பஞ்சத்தின் வரைபடம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரஷ்யாவின் 1891, 1921 பஞ்ச வரைபடங்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் வோல்கா ஆற்றுப் பகுதிதான் கருமையாக இருக்கிறது. இடையில் ஜாரே போய்விட்டார், பஞ்சம் மட்டும் அதே இடத்தில். அப்படியென்றால் காரணம் மழைதானே? ஆட்சியாளர்களைக் குறை சொல்வது மிகையில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மழை பொய்த்தது உண்மை. அந்தப் பக்கம் மழையே குறைவு, அதையும் நம்ப முடியாது. ‘சுகோவெய்’ என்ற அனல்காற்று அடித்தால் சில நாட்களில் பயிர் கருகிவிடும்.

ஆனால் உங்கள் 1891 வரைபடத்தின்மேல் மண்வள வரைபடம் ஒன்றை வைத்துப் பாருங்கள். பட்டினி கிடந்தது பெரும்பாலும் ரஷ்யாவின் மிகச் சிறந்த மண்ணான கரிசல் பூமி! வடக்கே மண் மோசம். அங்கே எப்போதுமே தானியத்தை விலைக்கு வாங்கித்தான் சாப்பிட்டார்கள். ஆனால் நெசவு, கைத்தொழில், ஆலைக்கூலி என்று காசு வர வழி இருந்தது. கரிசல் விவசாயிக்குத் தானியம்தான் சோறு, தானியம்தான் வரிப்பணம். அறுவடைக்குப் பிறகு விலை அடிமட்டத்தில் இருக்கும்போதே வரிக்காக விற்றாக வேண்டும். சேமிப்பு எங்கிருந்து வரும்? மகசூல் போனதும் ‘லெபெதா’ என்ற களைச்செடியின் விதையை மாவில் கலந்து ரொட்டி சுட்டார்கள். கறுத்து, கசந்து, வயிற்றைக் கெடுக்கும் ரொட்டி அது.

அடுத்து ரயில் பாதைகள். உள்நாட்டுத் தானியத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகவே பெரும்பாலான பாதைகள் போடப்பட்டிருந்தன. அதை எதிர்த்திசையில் கொண்டுவர வேண்டியபோது எல்லாம் திணறிப்போயிற்று. வடக்குக் காகசஸில் தானியம் இருந்தும் வேகமாக வரவில்லை. கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்தின் ஏற்றுமதியை அரசு தடை செய்தது, ஆனால் அமலுக்கு வருமுன் அவகாசம் கொடுத்தது. வியாபாரிகள் அதற்குள் முடிந்தவரை கப்பலேற்றிவிட்டார்கள். என்னால் மன்னிக்க முடியாத இடம் இதுதான்.

1892 கோடையில் காலரா வந்தது. பாரசீகம், பாக்கூ, அஸ்திரகான் வழியாக வந்து, வோல்காவில் ஆற்றோட்டத்துக்கு எதிராக சாரித்ஸின், சரதோவ், சமாரா என்று ஏறியது. அஸ்திரகானில் கூலிவேலை பார்த்தவர்கள் நோய்க்குப் பயந்து படகேறி ஊர் திரும்பினார்கள், நோயும் கூடவே வந்தது. போய்ச் சேர்ந்ததோ ஏற்கெனவே பட்டினியில் துவண்ட ஊர்களுக்கு. மருத்துவர்களே விஷம் வைக்கிறார்கள் என்று வதந்தி பரவி, குவாலின்ஸ்க் நகரில் ஒரு மருத்துவரை அடித்தே கொன்றார்கள். பஞ்சமும் நோயும் சேர்ந்து கொண்டுபோன உயிர்கள் சுமார் 4 லட்சம். பெரும்பாலும் காலராவாலும் டைபஸாலும் இறந்தவர்கள்.

ஆகவே மழை முதல் காரணம், முழுக் காரணமல்ல.

1921 வரைபடத்தில் இன்னொரு சிக்கல். அதில் எந்த மாகாணம் கருப்பு என்பதை முடிவு செய்தது அரசின் அறிவிப்பு. உள்நாட்டுப் போரும் கட்டாயத் தானியப் பறிமுதலும் கிராமங்களை ஏற்கெனவே சுரண்டியிருந்தன. இறந்தவர்கள் ஏறத்தாழ 50 லட்சம். வோல்காவின் பஞ்சத்தை அரசு ஒப்புக்கொண்டு அமெரிக்க உதவியையும் ஏற்றது. ஆனால் தெற்கு உக்ரைனிலும் அதே ஆண்டு மகசூல் பொய்த்திருந்தது. அதைச் சொல்லாமல், உக்ரைனிலிருந்து வோல்காவுக்குத் தானிய ரயில்கள் அனுப்பினார்கள். அமெரிக்க நிவாரண அமைப்புக்கு உக்ரைனில் அனுமதி கிடைத்ததே 1922 ஜனவரியில்தான்.

உங்களிடம் உள்ள வரைபடத்தில் ஒதெஸ்ஸா, மிக்கொலாயிவ், சப்போரிஷியா பகுதிகள் வெள்ளையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அது எந்த மாதம், யாரால் அச்சிடப்பட்டது என்பதையும் ஓரத்தில் தேடிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.