பால் எர்லிக்கின் மக்கள்தொகை அச்சம் எங்கிருந்து வந்தது? சேலத்துக்காரர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

அமெரிக்க உயிரியலாளரான எர்லிக் அடிப்படையில் வண்ணத்துப்பூச்சி ஆய்வாளர். ஒரு வாழிடம் எத்தனை உயிர்களைத் தாங்கும் என்ற கணக்கை அப்படியே மனிதர்மேல் போட்டார். 1968இல் அவருடைய 'மக்கள்தொகை வெடிகுண்டு' நூல் வந்தது. மாணவப் பருவத்தில் படித்த வில்லியம் வோக்ட்டின் 1948ஆம் ஆண்டு நூல் போட்ட விதை அது. வோக்ட்டுக்கும் முன்னால், உணவைவிட மக்கள்தொகை வேகமாகப் பெருகும் என்று 1798இல் எழுதிய ஆங்கிலேயர் மால்தஸ்.

இந்த மால்தஸ் நமக்கு ஒன்றும் தூரத்து ஆள் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளைத் தயாரித்த ஹெய்லிபரி கல்லூரிக்கு 1805இல் பேராசிரியராக நியமிக்கப்பட்டவர். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது வைஸ்ராய் லிட்டன், இந்தியர்கள் விளைச்சலைவிட வேகமாகப் பெருகுகிறார்கள் என்றே பேசினார். தானியமோ கப்பலேறிக்கொண்டிருந்தது! சேலம் ஜில்லா பலமாக அடிபட்டது. 1871ஐவிட 1881 கணக்கெடுப்பில் இங்கே ஆட்கள் குறைவு.

1970களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்றார் எர்லிக். அந்த அளவுக்கு நடக்கவில்லை. பசுமைப் புரட்சி குறுக்கே வந்தது.

பின்னாளில் ஜான் ஹோல்ட்ரன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, சுற்றுச்சூழல் பாதிப்புக்கான கணக்கில் மக்கள்தொகையோடு நுகர்வையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்தார். என் பார்வையில் உருப்படியான எர்லிக் அவர்தான். சேர்வராயன் மலையில் காபித் தோட்டம் போட்டதும், மேட்டூர் அலுமினியத்துக்காக பாக்சைட் தோண்டியதும் மலைவாசிகள் அதிகம் பிள்ளை பெற்றதாலா?