ஆய்வேட்டை ஆய்விதழுக்கு அனுப்புமுன்: வாசகர் கேள்விகள்

பாடசாலை உளவியல் ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவது பற்றி கொழும்பிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்திருக்கிறேன். கேட்டவர்களில் பலர் உளவளத்துணை ஆசிரியர்கள். பகலில் வகுப்பு, இரவில் ஆய்வு என்று இருப்பவர்கள்.

என் முதுகல்விமாணி ஆய்வேடு 140 பக்கம். அதைச் சுருக்கி அனுப்பலாமா? (கொட்டாஞ்சேனை)

சுருக்க வேண்டாம், புதிதாக எழுதுங்கள். ஆய்வேட்டில் நீங்கள் எவ்வளவு வாசித்தீர்கள் என்று பரீட்சகருக்குக் காட்ட வேண்டியிருந்தது. கட்டுரைக்கு ஒரே ஒரு கேள்வியும் அதற்கான விடையும் போதும். உங்கள் ஐந்து ஆய்வு வினாக்களில் எதைப் பற்றி ஓய்வறையில் சக ஆசிரியரிடம் ஆர்வமாகப் பேசுவீர்களோ, அதை மட்டும் எடுங்கள். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்துநடைக் கையேடு) ஏழாம் பதிப்பைக் கேட்கும் இதழ் என்றால் கட்டுரையின் தொடக்கத்தில் வரும் சுருக்கம் 250 சொற்களைத் தாண்டக் கூடாது.

சர்வதேச வாசகர்களுக்குப் பொருந்தாது என்று மதிப்பாய்வுக்கே (துறை அறிந்த மற்றவர்கள் வாசித்துத் தரம் சொல்வதற்கு) அனுப்பாமல் இதழாசிரியர் கட்டுரையைத் திருப்பிவிட்டார். இலங்கை மாணவர்களை மட்டும் ஆய்வு செய்தேன் என்பதுதான் காரணமா? (வெள்ளவத்தை)

இதே பதில் எனக்கும் வந்திருக்கிறது. அந்தக் கட்டுரையை எட்டு மாதம் திறந்தே பார்க்கவில்லை, அப்படிச் செய்திருக்கக் கூடாது. நீங்கள் அனுப்பிய முன்னுரையை வாசித்தேன். இலங்கைத் தமிழ் மாணவரிடையே இதுவரை இப்படி ஆய்வு நடக்கவில்லை என்பதை மட்டுமே காரணமாகச் சொல்லியிருக்கிறீர்கள். வெளியூர் இதழாசிரியருக்கு அது காரணமாகவே படாது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்தும் விட்டீர்கள். பத்து வயதுப் பிள்ளை ஒரு பரீட்சை எழுதுகிறது, அந்தப் புள்ளியை வைத்துப் பெரிய பாடசாலையில் இடம் கிடைக்கலாம், அதற்காக வீடே அந்த ஆண்டு முழுவதும் ரியூஷன் வகுப்பின் நேரத்துக்கு ஓடுகிறது என்று விளக்கியிருந்தால், சிறு வயதிலேயே பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் எந்த நாட்டு வாசகரும் நிமிர்ந்து உட்கார்வார். நம் வகுப்பறையைத் தெரியாதவருக்குத் தெரிய வைப்பது உங்கள் வேலை. அப்புறம், ‘ஸ்கூல் சைக்காலஜி இன்டர்நேஷனல்’ போன்ற, பல நாட்டு ஆய்வுகளை எதிர்பார்க்கும் இதழைப் பாருங்கள். அனுப்புமுன் அதில் அண்மையில் வந்த நான்கைந்து கட்டுரைகளையாவது முழுதாக வாசியுங்கள்.

எஸ்டிகியூ (பிள்ளைகளின் பலங்களையும் சிரமங்களையும் அளக்கும்) வினாக்கொத்தின் தமிழ் வடிவத்தில் சில சொற்களை மாற்றிப் பயன்படுத்தினேன். சொல்ல வேண்டுமா?

கட்டாயம். அது பதிப்புரிமை உள்ள கருவி, அனுமதியில்லாமல் சொல் மாற்றக் கூடாது. முதலில் உரிமையாளருக்கு எழுதுங்கள், பிறகு எந்தச் சொல்லை ஏன் மாற்றினீர்கள் என்று கட்டுரையிலும் சொல்லுங்கள். நம்பகத்தன்மைக் குணகத்தை (கருவி எவ்வளவு சீராக அளக்கிறது என்று காட்டும் எண்ணை) வேறொருவர் கட்டுரையிலிருந்து எடுத்துப் போடாமல், உங்கள் மாணவர்களின் தரவிலிருந்தே கணித்துக் கொடுங்கள். இன்னொன்று, 12 பாடசாலைகளில் தரவு எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள், எல்லோரையும் தனித்தனி ஆட்களாக எண்ணிப் பகுப்பாய்வு செய்தால் இல்லாத தொடர்பும் இருப்பதாகத் தெரியும். மதிப்பாய்வாளர் கேட்குமுன் பிள்ளை, வகுப்பு, பாடசாலை என்ற மட்டங்களைப் பிரித்துக் கணிக்கும் பல்மட்டப் பகுப்பாய்வைப் பற்றி உங்கள் மேற்பார்வையாளரிடம் பேசுங்கள்.

அதிபர் அனுமதி தந்தார், தரவும் சேகரித்துவிட்டேன். ஒழுக்கநெறிக் குழு அனுமதியை இப்போது எடுக்கலாமா? (மட்டக்குளி)

பின்தேதியிட்டு எடுக்க முடியாது, அப்படி எடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னாலும் போகாதீர்கள். அதிபரின் அனுமதி வேறு, பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வேறு, பெற்றோர் சம்மதமும் பிள்ளையின் சம்மதமும் வேறு. நடந்ததை மறைக்காமல் குழுவிடம் சொல்லி வழி கேளுங்கள். அந்தத் தரவைப் பயன்படுத்த முடியாமலும் போகலாம். வலிக்கும், தெரியும். ஆனால் மனம் திறந்து பேசியவை பிள்ளைகள், அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பலாமா?

கூடாது. ஒன்றின் முடிவு வரும்வரை காத்திருங்கள், அல்லது முறைப்படி எழுதி மீளப் பெற்றபின் மற்றதற்கு அனுப்புங்கள்.

மூன்று நாளில் வெளியிடுகிறோம், பணம் கட்டுங்கள் என்று மின்னஞ்சல் வந்தது. (தெஹிவளை)

கட்டாதீர்கள். மூன்று நாளில் யாரும் ஒழுங்காக மதிப்பாய்வு செய்ய மாட்டார்கள். பணம் கேட்டாலே மோசடி என்றும் நினைக்க வேண்டாம், யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்கள் பல முறையாகவே கட்டணம் வாங்குகின்றன. ஆனால் ‘ஜேர்னல் ஒஃப் ஸ்கூல் சைக்காலஜி’ போன்றவற்றில் சந்தா வழியை (வாசிப்பவர் பணம் கட்டும் முறையை) தெரிவு செய்தால் கட்டுரையாளர் கட்டணம் கட்டத் தேவையில்லை. சம்பளத்தைக் கரைக்குமுன் அந்த வழி இருக்கிறதா என்று இதழின் தளத்தில் பாருங்கள்.

மதிப்பாய்வாளருக்கு யார் எழுதியது என்று தெரியாதபடி பெயர் மறைத்து அனுப்பு என்கிறார்கள். முதல் பக்கத்தை எடுத்தால் போதுமா?

போதாது. நன்றியுரை, ஒழுக்கநெறிக் குழுவின் பெயர், ‘எனது முந்தைய ஆய்வில்’ என்ற வரிகள், வேர்ட் கோப்பின் பண்புகளில் ஒட்டியிருக்கும் உங்கள் பெயர், எல்லாவற்றையும் பாருங்கள். பாடசாலையின் பெயரை மதிப்பாய்வுக்காக மட்டும் மறைத்தால் போதாது, அச்சிலும் அது வரக் கூடாது. ‘கொழும்பு வடக்கில் ஒரே ஒரு தமிழ்ப் பெண்கள் பாடசாலை’ என்று எழுதினால், பெயர் போடாமலே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.