அழுது ஜெபித்தும் அதே பாவத்தில் விழுகிறேன். என் மனந்திரும்புதல் உண்மைதானா? ஊழியத்தைத் தொடரலாமா?

கண்ணீரை வைத்து இதை அளக்க முடியாது. இஸ்ரவேலின் ராஜாக்களான சவுலும் தாவீதும் "பாவஞ்செய்தேன்" என்றே சொன்னார்கள். ஆனால் சவுல், ஜனங்களுக்குப் பயந்து செய்ததாகக் காரணம் காட்டினான்; மூப்பர்கள் முன் தன்னைக் கனம்பண்ணும்படி தீர்க்கதரிசி சாமுவேலைக் கேட்டான் (1 சாமுவேல் 15). தீர்க்கதரிசி நாத்தான் கண்டித்தபோது தாவீது யார்மேலும் பழி போடவில்லை. பேர் கெட்டாலும் உண்மையை ஒப்புக்கொள்வதில்தான் தாழ்மை இருக்கிறது.

"என் பாவங்களை மன்னியும்" என்று பொதுவாக ஜெபித்து முடிக்காதீர்கள். பொய்யென்றால் எந்தப் பொய், யாரிடம் சொன்னது என்று தேவனிடம் பெயரிட்டுச் சொல்லுங்கள். பிறகு ஈடுசெய்தல். பலர் நின்றுவிடுவது இங்கேதான். அபகரித்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, குற்றநிவாரண பலியிடும் நாளிலேயே உரியவனுக்குக் கொடுக்கச் சொல்கிறது லேவியராகமம் 6. வரி வசூலிப்பவனான சகேயுவோ நான்கு மடங்காகக் கொடுப்பதாகச் சொன்னான். பணம் சம்பந்தப்படாத குற்றமானால், புண்பட்டவரிடம் நேரில் போய், "ஆனால்" சேர்க்காமல் மன்னிப்புக் கேளுங்கள். அவர் உடனே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

மறுபடி விழுவது மட்டுமே உங்கள் மனந்திரும்புதல் பொய் என்பதற்கு அத்தாட்சியாகாது. விழும் நேரத்தையும் தனிமையையும் கவனித்து அந்த வழியை அடைத்துவிடுங்கள். நம்பகமான ஒரு விசுவாசியிடம் அறிக்கையிடுங்கள் (யாக்கோபு 5:16). ஒளித்து வைத்த பாவம்தான் மறுபடி வளர்கிறது.

ஊழியம் பாவத்துக்குப் பரிகாரமல்ல. காணிக்கைப் பணத்திலோ பிறருடைய நம்பிக்கையிலோ தவறியிருந்தால் போதகரிடம் சொல்லி அந்தப் பொறுப்பிலிருந்து விலகுங்கள். ஆனால் ஆராதனையையும் ஜெபத்தையும் விட்டு விலகாதீர்கள்.