பழைய சண்டைகளை அழித்தால் போதுமா?

கேள்வி: பி.காம். முடித்து ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு வருடமாக ஜிஎஸ்டி வேலை பார்க்கிறேன். சென்னையில் ஒரு நேர்காணலில், "உங்கள் பெயரைத் தேடிப் பார்த்தோம், வேலை சம்பந்தமாக எதுவுமே இல்லையே" என்றார்கள். நானே தேடினால் கல்லூரிக் காலத்தில் ஃபேஸ்புக்கில் நடிகர்களுக்காகப் போட்ட சண்டைகள்தான் வருகின்றன. எல்லாக் கணக்கையும் மூடிவிடலாமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், மதுரை

பதில்: மூடாதீர்கள். பயம் நியாயம்தான். இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் ஆலி ராபின்சன் 2021 ஜூனில் லார்ட்ஸில் தன் முதல் டெஸ்டை ஆடத் தொடங்கிய அன்றே, 2012, 2013-இல் அவர் போட்ட இனவெறி, பெண்வெறுப்பு ட்வீட்டுகள் வெளியே வந்தன. அந்த மேட்சில் ஏழு விக்கெட் எடுத்தும் அடுத்த டெஸ்டில் ஆட விடவில்லை. உங்கள் சண்டை அந்த ரகம் இல்லை. ஆனால் யாருடைய சாதியையோ வீட்டுப் பெண்களையோ இழுத்த வரி ஒன்று இருந்தாலும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

பழைய பதிவுகளை மொத்தமாக நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்ற ஃபேஸ்புக் செட்டிங்ஸிலேயே வழி இருக்கிறது. அது உங்கள் பக்கத்தில் போட்டதற்கு மட்டும்தான். ரசிகர் பக்கங்களில் போய்ப் போட்ட கமெண்டுகள் அப்படியே நிற்கும். நீங்கள் போட்டதையெல்லாம் பட்டியலிடும் ஆக்டிவிட்டி லாக்கைத் திறந்து அவற்றைத் தேடித் தேடி அழிக்க வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போய்விடும், போகட்டும்.

சரி, அழித்தாயிற்று. இப்போது தேடினால் என்ன வரும்? ஒன்றும் வராது. நேர்காணலில் உங்களிடம் சொன்ன குறையே அதுதானே.

அதனால் பெயரிலிருந்து தொடங்குங்கள். நம் ஊரில் இது பெரிய தொல்லை: மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, ஃபேஸ்புக்கில் பட்டப்பெயர், ஈமெயிலில் பிடித்த நடிகரின் பெயர். தேடுகிறவருக்கு நீங்கள் நான்கு வேறு ஆட்கள். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து ரெஸ்யூமே, லிங்க்ட்இன், ஈமெயில் எல்லாவற்றிலும் அதையே வையுங்கள்.

அப்புறம் லிங்க்ட்இன்னில் பெயருக்குக் கீழே வரும் வரி. 220 எழுத்து வரை இடம் இருந்தும் பலர் 'அக்கவுண்டன்ட்' என்று ஒரே சொல்லோடு விட்டுவிடுகிறார்கள். ஆள் எடுப்பவர்கள் தேடுவது வேலையின் பெயர்களைப் போட்டு. ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 3பி (வரிச் சுருக்கம்) தாக்கல், 2பி-யோடு (சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) பர்ச்சேஸ் கணக்கை ஒத்துப் பார்ப்பது, டேலி பிரைம், இ-வே பில் என்று எழுதுங்கள். நான்கு வருடமாகத் தினமும் செய்கிற வேலையை எழுதவே கூச்சப்படுகிற நம் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

மாதம் ஒரு பதிவு போட்டால் போதும். சப்ளையர் ஜிஎஸ்டிஆர்-1 போடாததால் பில் 2பி-யில் வராமல் வாடிக்கையாளருக்கு இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) நின்றுபோன கதை உங்களிடம் குறைந்தது பத்து இருக்கும். அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், யாரிடம் என்ன பேசிச் சரிசெய்தீர்கள் என்று எழுதுங்கள், தமிழிலும் எழுதலாம். ஆனால் ஸ்கிரீன்ஷாட் கூடவே கூடாது. வாடிக்கையாளர் பெயர், ஜிஎஸ்டி எண், விற்பனைத் தொகை என எதுவும் தெரியக் கூடாது. ஒருவர் கணக்கை வெளியே காட்டுகிறவரிடம் இன்னொருவர் தன் கணக்கைக் கொடுக்க மாட்டார்.

வேலையில் இருந்துகொண்டே தேடுகிறீர்கள், எனவே லிங்க்ட்இன் போட்டோவைச் சுற்றி, வேலை தேடுகிறேன் என்று எல்லோருக்கும் காட்டும் 'ஓபன் டு வொர்க்' பச்சை வளையம் வேண்டாம். ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம். இப்போதைய அலுவலகத்துக்குத் தெரியவே தெரியாது என்று லிங்க்ட்இன்னும் முழு உத்தரவாதம் தருவதில்லை, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் ரெஸ்யூமே போட்டு ஆறு மாதம் ஆகிறது. 'வேலை உறுதி, 2,500 ரூபாய் கட்டுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் செய்தி மட்டும் வருகிறது. கட்டலாமா?
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: கட்டாதீர்கள் அம்மா, ஒரு ரூபாய்கூட. வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். ஏற்கெனவே கட்டியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்து சொல்லுங்கள். ரெஸ்யூமேயில் வீட்டு முகவரி, பிறந்த தேதி, ஆதார் எண் இருந்தால் எடுத்துவிட்டு, புதிய கோப்பை இன்று இரவே ஏற்றுங்கள்.