ஜெர்மன் சீரியல் பார்த்தால் ஜெர்மனி புரியுமா?

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, அக்டோபரில் கெம்னிட்ஸில் எம்.எஸ். சேரப் போகிறேன். மொழி வகுப்போடு ஜெர்மன் படம், சீரியல் எல்லாம் பார்க்கிறேன். எல்லாரும் உம்மென்றே இருக்கிறார்கள், இல்லையென்றால் கொலை செய்கிறார்கள். இதைப் பார்த்து அங்கே உள்ள வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள முடியுமா? எதைப் பார்ப்பது?"

முடியும் தம்பி. ஆனால் கதையை விட்டுவிட்டு, கதை நடக்கிற வீட்டைப் பாருங்கள். ஆட்கள் கதவைத் திறந்து உள்ளே வருகிற விதத்தைப் பாருங்கள். இயக்குநர் சொல்ல வந்ததில் மிகை இருக்கும். அவர் யோசிக்காமலே படத்துக்குள் வந்து விழுந்தது பெரும்பாலும் நிஜமாக இருக்கும்.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஆற்காட்டுக்காரன், ஸ்டுட்கார்ட்டில் குடியிருக்கிறேன். தமிழ் சினிமாவை மட்டும் பார்த்த ஒருவருக்கு வேலூர் என்றால் ஜெயில். சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் வங்காளத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் நோயாளிகளின் குடும்பங்கள், அவர்களுக்காக வங்காள எழுத்தில் வைத்த போர்டுகள், மீனும் சோறும் போடும் கடைகள் இதெல்லாம் நான் பார்த்த எந்தப் படத்திலும் வந்ததில்லை. ஆனால் அதே படங்களில் வாசலிலேயே செருப்பைக் கழற்றுகிறார்கள், வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்கிறார்கள். பாடம் நடத்துவதற்காக யாரும் அதை எடுக்கவில்லை. நம் வீட்டுக்கு வருகிற வெளிநாட்டுக்காரருக்கு உதவப் போவது அதுதான்.

அந்தக் கண்ணோடு 'டாட்டோர்ட்' பாருங்கள். 1970 முதல் ஓடிக்கொண்டிருக்கும் துப்பறியும் தொடர். ஞாயிறு இரவு 8.15 மணிக்கு, ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு ஊருக்கும் தனி போலீஸ் ஜோடி, அதனால் ஒவ்வொரு வாரமும் வேறொரு ஊரின் தெருவும் பேச்சும் காதில் விழும். கொலைகாரன் யார் என்பதை விடுங்கள். போலீஸ்காரர் அடுக்குமாடி வாசலில் நின்று என்ன செய்கிறார்? அழைப்பு மணிப் பலகையில் பெயரைத் தேடுகிறார். அங்கே பெரும்பாலும் வீட்டு எண் கிடையாது, குடும்பப் பெயர்தான். தபால்பெட்டியிலும் அப்படித்தான். உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் வங்கி அட்டையும் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் வந்த வழியே திரும்பிப் போகும். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கும். அப்படியென்றால் மணிப் பலகையில் அப்பா பெயர், வகுப்பிலும் அலுவலகத்திலும் முறைப்படி உங்களைக் கூப்பிடுவதும் அப்பா பெயரைச் சொல்லித்தான். பழகக் கொஞ்ச நாள் ஆகும். எனக்கு அது இன்றும் பிடித்த விஷயம்.

இன்னும் கவனியுங்கள். போனை எடுத்ததும் பலர் 'ஹலோ'வுக்குப் பதில் குடும்பப் பெயரைச் சொல்வார்கள். இரவுச் சாப்பாடு பல வீடுகளில் அடுப்பு மூட்டாத சாப்பாடு: ரொட்டி, சீஸ், இறைச்சித் துண்டு, ஊறுகாய் வெள்ளரி. கடுங்குளிரிலும் ஜன்னலை அகலத் திறந்து சில நிமிடம் காற்று விடுவார்கள், சுவரில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க. வீட்டுக்காரர் உங்களிடமும் அதை எதிர்பார்ப்பார்.

'உம்மென்று' இருப்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் அவர்களிடம் குறைவு, அவ்வளவுதான். நான் வீடு மாற்றியபோது அலுவலகத்தில் அதிகம் பேசாத ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கூடப் பார்க்காமல் வந்து அலமாரியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார். இதை எந்தத் தொடரும் எனக்குக் காட்டவில்லை.

மொழிக்கு என்னைக் கேட்டால் குழந்தைகள் நிகழ்ச்சிதான். 1971 முதல் ஞாயிறு காலையில் வரும் 'மவுஸ்' நிகழ்ச்சியில் ஒரு பொருள் எப்படிச் செய்யப்படுகிறது என்று நிதானமாக, எளிய வாக்கியங்களில் விளக்குவார்கள். பற்பசைக்குள் கோடு எப்படி வருகிறது என்பது போன்ற கேள்விகள். ஒவ்வொரு வாரமும் தொடக்க அறிவிப்பை ஜெர்மனில் சொல்லிவிட்டு வேறொரு மொழியிலும் சொல்வார்கள். இஞ்சினியருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.

அப்புறம் இரண்டு படங்களைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று 'குட் பை, லெனின்!' (2003). கிழக்கு ஜெர்மனியில் ஒரு அம்மா கோமாவில் கிடக்கும்போது பெர்லின் சுவர் விழுந்துவிடுகிறது. விழித்தவருக்கு அதிர்ச்சி தாங்காது என்று மகன், பழைய நாடு இன்னும் இருப்பதுபோல வீட்டுக்குள் நடிக்கிறான். நீங்கள் போகிற கெம்னிட்ஸ் அந்த நாட்டில்தான் இருந்தது. 1953 முதல் 1990 வரை அதன் பெயரே கார்ல் மார்க்ஸ் நகரம். மார்க்ஸின் பிரம்மாண்டமான தலைச்சிலை இன்னும் ஊர் நடுவில் இருக்கிறது. உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி பிறந்த நாடு 1990 அக்டோபர் 3-ஆம் தேதி வரைபடத்திலிருந்தே போய்விட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவரிடம் பேசுங்கள்.

இன்னொன்று 'அல்மான்யா' (2011). வேலைக்கு வந்த துருக்கிக் குடும்பத்தின் கதை. அவர்கள் முதன்முதலில் ஜெர்மனிக்கு வந்து சேரும் காட்சிகளில் துருக்கியர்கள் பேசுவது பார்ப்பவருக்குப் புரியும்படி ஜெர்மனில் இருக்கும். ஜெர்மானியர்கள் பேசுவதோ அர்த்தமே இல்லாத ஏதோ ஓசையாக இருக்கும். புதிதாக வந்தவர் காதில் அந்த ஊர் எப்படி விழுகிறது என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை. முதல் வாரம் வங்கியில் நிற்கும்போது உங்களுக்கும் அப்படித்தான் கேட்கும். அந்தக் குடும்பம் அதைக் கடந்து வந்ததையும் பார்த்திருப்பீர்கள், தைரியமாக இருங்கள்.

டிசம்பர் 31 அன்று 'டின்னர் ஃபார் ஒன்' போடுவார்கள். 1963-இல் ஹாம்பர்க் தொலைக்காட்சி பதிவு செய்த சின்ன நகைச்சுவை நாடகம், அதுவும் ஆங்கிலத்தில். வருடாவருடம் அதையே பார்த்து வருடாவருடம் சிரிப்பார்கள். யாராவது கூப்பிட்டால் போய் உட்காருங்கள். கூடச் சேர்ந்து சிரித்தவர்கள் ஜனவரியில் உங்களை உங்கள் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

படத்தில் வராதது நவம்பர். மாலை நாலரைக்கே இருட்டிவிடும், ஞாயிறு கடையெல்லாம் மூடியிருக்கும், அறையில் தனியாக இருப்பீர்கள். அந்த நாட்களில் திரையை மட்டும் நம்பாதீர்கள். டாட்டோர்ட்டைக் கூடிப் பார்க்கும் மதுக்கடைகள் பல ஊர்களில் உண்டு. ஆப்பிள் ஜூஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

காசு விஷயம்: வீட்டில் டி.வி. இல்லாவிட்டாலும் ஒளிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். இப்போது வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. பயப்படாதீர்கள், மோசடி இல்லை. ஒரே வீட்டைப் பலர் பகிர்ந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் பங்கு கொடுத்துவிடலாம். அந்தக் காசில் ஓடும் பொதுத் தொலைக்காட்சிகளான ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். இணையதளங்களில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் சப்டைட்டிலோடு கிடைக்கும். சில நிகழ்ச்சிகள் இந்தியாவிலிருந்து திறக்காது, அதனால் காட்பாடியில் இருக்கும்வரை மவுஸில் தொடங்குங்கள். தியேட்டரில் வெளிநாட்டுப் படமெல்லாம் பெரும்பாலும் ஜெர்மன் டப்பிங்தான். மூல மொழியில் வேண்டுமென்றால் டிக்கெட்டில் ஓ.வி. (மூல மொழி) அல்லது ஓ.எம்.யு. (மூல மொழி, சப்டைட்டிலோடு) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.