ஈர்க்குச்சியில் ஒரு கடல்

வணக்கம் டீச்சர். பசிபிக் தீவுகள் என்றாலே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தென்னை மரமும் புல் பாவாடையும் மட்டும் வரைகிறார்கள், கையில் ஒரே ஒரு பீரியட்தான் என்று எழுதியிருந்தீர்கள். தகவல் தாளை விட்டுவிட்டு, ஒரு கட்டு ஈர்க்குச்சி கொண்டுபோங்கள்.

மார்ஷல் தீவு மாலுமிகள் தென்னை ஈர்க்கில்தான் கடலை வரைந்தார்கள். கட்டிய சிப்பிகள் தீவுகள். வளைந்த குச்சிகள், தீவில் மோதி வளையும் பேரலைகள். படகில் இந்தக் குச்சி வரைபடத்தை எடுத்துப்போவதில்லை. கரையிலேயே மனப்பாடம் செய்துவிட்டு, கடலில் படகின் ஆட்டத்தை உடம்பால் உணர்ந்து போனார்கள்.

முதலில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கல்லை வைத்து, ஒரு பக்கம் அலை எழுப்பிக் காட்டுங்கள். அப்புறம் குச்சியும் நூலும் கொடுங்கள். (சிப்பிக்குப் புளியங்கொட்டை போதும், ஆனால் கட்ட வராது, ஒட்டத்தான் வேண்டும்.)

நேரம் மிஞ்சினால் 1976 கதையைச் சொல்லுங்கள்: மைக்ரோனீசியாவின் சதாவல் தீவைச் சேர்ந்த மாவ் பியைலுக், 'ஹோக்குலேயா' என்ற இரட்டைப் படகை ஹவாயிலிருந்து தாஹிட்டிவரை எந்தக் கருவியும் இல்லாமல் வழிநடத்தினார். நடன வீடியோவை மட்டும் இந்த பீரியடில் போடாதீர்கள். மறுபடியும் புல் பாவாடைதான் மனசில் நிற்கும்.