பாரிஸில் எடுத்த காரை ரோமில் விடலாமா?

ஐரோப்பாவில் வாடகை கார் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கோவை வாசகி: ஜூனில் குடும்பத்தோடு ஐந்து பேர் போகிறோம். பாரிஸ், ஸ்ட்ராஸ்பூர்க், லூசெர்ன், மிலான், ஃப்ளோரன்ஸ், ரோம் என்று திட்டம். பாரிஸில் கார் எடுத்து ரோமில் விட்டுவிடலாம் என்று பார்த்தால், மொத்த வாடகையைவிட ரோமில் விடுவதற்கான கட்டணம் அதிகமாக இருக்கிறது. இது கொள்ளை இல்லையா? வேறு வழி உண்டா?

பார்க்கக் கொள்ளை மாதிரித்தான் இருக்கும், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நீங்கள் ரோமில் விடும் காரின் பதிவு, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் பிரான்சில் இருப்பதால் இத்தாலிக் கிளைக்காரர் அதை உள்ளூர்க்காரருக்குத் தன் காரைப் போலச் சுற்றுக்கு விட முடியாது, யாராவது 1400 கிலோமீட்டர் திருப்பி ஓட்டிப் போக வேண்டும் அல்லது லாரியில் ஏற்ற வேண்டும். அந்தச் செலவு உங்கள் தலையில் விழுகிறது. சில நூறு யூரோ சாதாரணம், தூரத்தைப் பொறுத்து ஆயிரத்தையும் தாண்டும். அதே சமயம் ஒரே நாட்டுக்குள் ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விட்டால் கட்டணம் பெரும்பாலும் கொஞ்சம்தான், சில இடங்களில் ஒன்றுமே இல்லை. காரில் பல நாடு சுற்றினாலும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, எடுத்த நாட்டிலேயே விட வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். பாரிஸில் கார் தேவையே இல்லை, மெட்ரோ போதும். அங்கிருந்து டிஜிவி ரயிலில் ஸ்ட்ராஸ்பூர்க் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் காரை எடுங்கள். கொல்மார், அப்புறம் ரைன் நதியைத் தாண்டி ஜெர்மனியின் கருங்காடு, ஷாஃப்ஹவுஸன் அருவி, லூசெர்ன், இன்டர்லாக்கன் என்று சுற்றிவிட்டு பாஸல் விமான நிலையத்தில் விடுங்கள். இது பாஸல் என்ற ஸ்விஸ் ஊரின் விமான நிலையம், ஆனால் பிரெஞ்சு மண்ணில் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் பிரெஞ்சுப் பக்கம், ஸ்விஸ் பக்கம் என்று இரண்டு பக்கம், வாடகை கார் கவுண்டர்களும் தனித்தனி. புக் செய்யும்போது எம்.எல்.எச். என்ற குறியீடு பிரெஞ்சுப் பக்கம், பி.எஸ்.எல். ஸ்விஸ் பக்கம். எம்.எல்.எச். என்று போட்டால் பிரான்சில் எடுத்து பிரான்சிலேயே விட்ட கணக்கு. மூன்று நாடு பார்த்திருப்பீர்கள், வெளிநாட்டு டிராப் கட்டணம் கிடையாது!

ஒரு எச்சரிக்கை. லூசெர்னிலிருந்து திரும்பும்போது மேப்பை நம்பி பாஸல் நகரத்து வழியாக வரும் தனி கஸ்டம்ஸ் சாலையில் ஏறினால் ஸ்விஸ் பக்கத்தில் போய் நிற்பீர்கள், திரும்பிச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். சென் லூயி வழியாக, பிரெஞ்சு ஏ35 சாலையைப் பிடித்து வாருங்கள். விமானம் பிடிக்கிற அவசரம் உங்களுக்கு இல்லை என்பது நல்லது.

காரை விட்டபின் ஸ்விஸ் பக்க வாசலிலிருந்து 50-ஆம் எண் பஸ் பாஸல் ரயில் நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து மிலானுக்கு நேரடி ரயில் உண்டு, நாலு மணி நேரத்துக்கு மேல், ஆல்ப்ஸ் மலையை ஓட்டுநரும் ஜன்னல் வழியாகப் பார்க்கட்டுமே. மிலானில் இத்தாலிய கார் எடுத்து ஃப்ளோரன்ஸ் வழியாக ரோம். அது உள்நாட்டு டிராப்தான். ரோம் நகருக்குள் காரைக் கொண்டுபோகாமல் ஃபியூமிசீனோ விமான நிலையத்தில் விட்டுவிட்டு, நகருக்கு 32 நிமிடத்தில் போகும் லியோனார்டோ எக்ஸ்பிரஸில் ஏறுங்கள்.

பிரெஞ்சு காரில் ஸ்விஸ் நெடுஞ்சாலையில் ஓட்ட வினியெட் என்ற வருடாந்தர அனுமதி வேண்டும், 40 ஃப்ராங்க், ஒரு நாள் ஓட்டினாலும் அதேதான். 2023 ஆகஸ்டிலிருந்து ஆன்லைனில் நம்பர் பிளேட்டைக் கொடுத்து வாங்கலாம், அதனால் கார் கைக்கு வந்தபின் வாங்குங்கள். இல்லாமல் பிடிபட்டால் 200 ஃப்ராங்க் அபராதம்.

இன்னொன்று, ஐந்து பேர் என்றால் ஐந்து சீட் கார் போதும் என்று நினைக்காதீர்கள். ஐந்து பெரிய பெட்டிகள் எந்தச் சின்ன காரின் டிக்கியிலும் போகாது. ஆட்டோமேட்டிக்தான் ஓட்டுவீர்கள் என்றால் அதைக் கேட்டு புக் செய்யுங்கள், அங்கே கியர் வண்டிதான் வழக்கம், ஆட்டோமேட்டிக்குக்கு விலை கூடுதல்.

சென்னை வாசகர்: இந்திய லைசென்ஸ் போதுமா? டெபிட் கார்டில் டெபாசிட் கட்டலாமா?

இத்தாலி, ஸ்பெயின், ஆஸ்திரியா போவதென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதாவது ஐ.டி.பி., இல்லாமல் கிளம்பாதீர்கள். உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பாஸ்போர்ட், லைசென்ஸ் காட்டி வாங்கலாம், ஒரு வருடம் செல்லும். கூடவே அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும், ஐ.டி.பி. தனியாகச் செல்லாது. கார்டு விஷயத்தில், ஓட்டுநர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டுதான் பாதுகாப்பு, மனைவி கார்டைக் கணவர் நீட்டினால் கவுண்டரில் ஏற்க மாட்டார்கள். டெபிட் கார்டையும் ஃபாரெக்ஸ் கார்டையும் பல இடங்களில் மறுப்பார்கள். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்து, பின் நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

சூரிச் வாசகர்: யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவும் அத்தானும் வருகினம். சூரிச்சில் கார் எடுத்து, பாரிஸ் லா சப்பலில் உள்ள சித்தி வீட்டில் அவையளை விட்டுவிட்டு, காரையும் அங்கேயே விட விருப்பம். நல்ல வழி சொல்லுங்கோ.

நல்ல வழி ரயில். சூரிச்சிலிருந்து பாரிஸுக்கு நேரடி டிஜிவி லிரியா நாலு மணி நேரம் சொச்சத்தில் போய்ச் சேரும், இறங்குவது பாரிஸின் 'கேர் தெ லியோன்' ரயில் நிலையத்தில், அங்கிருந்து லா சப்பல் தூரமில்லை. லா சப்பலில் பார்க்கிங் தேடி அலைந்தவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், பிறகு கார் பேச்சையே எடுக்க மாட்டீர்கள்.

இல்லை, வழியில் அல்சாஸ் கிராமங்களைக் காட்டத்தான் வேண்டும் என்றால், பாஸல் வரை ரயிலில் வந்து மேலே சொன்ன பிரெஞ்சுப் பக்கத்தில் எடுத்து பாரிஸில் விடுங்கள். ஆனால் அந்த காரை சூரிச்சுக்கு ஓட்டிக்கொண்டு வர நினைக்காதீர்கள். அத்தான் சுற்றுலாப் பயணி, நீங்கள் ஸ்விஸ்வாசி. ஸ்விட்சர்லாந்தில் வசிப்பவர் வெளிநாட்டு நம்பர் பிளேட் காரை உள்ளே ஓட்டுவதற்குச் சுங்கக் கட்டுப்பாடுகள் உண்டு, சுற்றுலாப் பயணிக்கு உள்ள சலுகை உங்களுக்குக் கிடையாது.

மதுரை வாசகர்: வியன்னா, புடாபெஸ்ட், ஜாக்ரெப், டுப்ரோவ்னிக். இதற்கும் இதே முறைதானா?

இதே முறைதான். வியன்னாவும் புடாபெஸ்டும் கார் இல்லாமல் பார்க்க வேண்டிய ஊர்கள், இரண்டுக்கும் நடுவில் ரயில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள். ஜாக்ரெப் வரை ரயிலோ பஸ்ஸோ. அங்கே குரோவேஷிய கார் எடுத்து பிளிட்விட்சே, ஸ்ப்ளிட் வழியாக டுப்ரோவ்னிக்கில் விடுங்கள். முன்பெல்லாம் கடைசிக் கட்டத்தில் போஸ்னியாவின் நேயும் என்ற சின்னக் கடற்கரைத் துண்டைக் கடக்க இரண்டு முறை எல்லைச் சோதனை. 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. அப்படியே மாண்டினீக்ரோவில் கோட்டோர் பார்க்கும் ஆசை இருந்தால் முதலிலேயே சொல்லி எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே, தனிக் கட்டணம் கேட்பார்கள். சொல்லாமல் போய் இடித்தால் இன்சூரன்ஸ் கை விரித்துவிடும்.

திருச்சி வாசகர்: ஃப்ளோரன்ஸ் போய் வந்து மாதங்கள் ஆனபின் வாடகை நிறுவனம் என் கார்டில் 45 யூரோ பிடித்திருக்கிறது. அபராதம் கட்டியாயிற்று என்று விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள், அது அபராதமே இல்லை! உங்கள் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்ததற்கு நிறுவனம் எடுத்துக்கொண்ட கூலி. அபராதம் தனியாக வரும், வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. இத்தாலிய ஊர்களின் பழைய பகுதிகளில் இசட்.டி.எல். என்ற தடைப் பகுதி உண்டு, கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும், ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனி அபராதம். ஹோட்டல் உள்ளே இருந்தால் ஹோட்டல்காரரிடம் நம்பரைக் கொடுத்துப் பதியச் சொல்லலாம். இனிமேல் போகிறவர்களுக்கு: ஃப்ளோரன்ஸில் ஏ1 நெடுஞ்சாலையிலிருந்தே நேராக நுழையும் வில்லா கோஸ்தான்சா பார்க்கிங்கில் காரைப் போட்டுவிட்டு டி1 டிராமில் ஊருக்குள் போங்கள்.

சேலம் வாசகர்: ஓய்வு பெற்றுவிட்டேன், ஆறு வாரம் ஆறு நாடு. நடுவில் காரை மாற்றிக்கொண்டே இருக்க முடியாது.

உங்களுக்குப் பொருந்துவது வாடகை இல்லை, பிரெஞ்சுக் குறுங்கால லீஸ். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கென்று ரெனோ தரும் ஏற்பாடு இது. புத்தம் புதிய கார், சிவப்பு நம்பர் பிளேட், இடித்தாலும் கைக்காசு போகாத முழு இன்சூரன்ஸ் விலைக்குள்ளேயே அடங்கும். சில நாள் பயணத்துக்குத் தர மாட்டார்கள், ஆறு வாரத்துக்குக் கணக்கு நன்றாக வரும். பிரான்சுக்கு வெளியே சில குறிப்பிட்ட நகரங்களிலும் எடுக்கலாம், விடலாம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அதனால் முடிந்தவரை பிரான்சில் தொடங்கி பிரான்சில் முடியுங்கள். காரை உங்களுக்காகவே பதிவு செய்கிறார்கள் என்பதால் பாஸ்போர்ட் விவரங்களோடு சில வாரங்களுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.